பெட்டியின் முதல் வரி

இணையப் பக்கம் செய்வதை நான் ஒரு தொழிலாகவே மதித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தலைக்கனத்தில்தான் தொடங்கியது. எங்கள் வேலையில் இரண்டு பிரிவு உண்டு. ஆட்கள் கண்ணால் பார்க்கிற பக்கத்தைச் செய்கிறவர்கள் ஒரு பிரிவு. அந்தப் பக்கத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தகவல்களை அடுக்கிவைத்துக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறவர்கள் மற்றப் பிரிவு. நான் பின்பக்கத்து ஆள். வீடு கட்டுகிறவன் நான், பெயின்ற் அடிக்கிறவர்கள் அவர்கள் என்று பகிடியாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். பகிடி என்று சொன்னாலும் மனதுக்குள் அதை நம்பினேன்.

அதற்கு முன்பு சில வருடங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். சீமெந்து, கோதுமை மா, கம்பி. எந்த மூட்டை எந்த அறையில் கிடக்கிறது, எப்போது வந்தது, எந்த லொறியில் போனது. மூட்டை என்றால் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே போயிருக்கும். வேறு நிலை கிடையாது. என் அட்டவணைகளில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டேன். யாராவது எதையாவது வெறுமையாக அனுப்பினால் தரவுத்தளம் அதை ஏற்காது, திருப்பி முகத்தில் எறியும். அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன், அதில் எனக்கு நல்ல பெருமை.

சண்டை திரும்பவும் தொடங்கிக் குடாக்கடலுக்கு அந்தப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது களஞ்சியத்தில் வேலை விழுந்துவிட்டது. நான் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு மாறினேன். உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய மாடிவீடுதான் எங்கள் கந்தோர். எங்கள் வேலை, இடம்பெயர்ந்தவர்களின் பெயர்களைப் பதிந்து ஒரே இடத்தில் சேர்ப்பது. சம்பூர்ப் பக்கத்துச் சனம் வெருகல் ஆற்றைத் தாண்டித் தெற்கே மட்டக்களப்புப் பக்கம் போயிருந்தது. மூதூர் முஸ்லிம் சனம் கந்தளாயில் பள்ளிக்கூடங்களில் இருந்தது. கொஞ்சப்பேர் கிண்ணியாவில், கொஞ்சப்பேர் இங்கே திருகோணமலை ரவுணில். ஒரே குடும்பம் நான்கு இடத்தில் கிடந்தது, ஒருவர் எங்கே என்று மற்றவருக்குத் தெரியாது.

இந்தப் பெயர்களுக்கான தரவுத்தளத்தை நான்தான் எழுதினேன். முகாமில் இருப்பவர்கள் தங்களோடு இல்லாத சொந்தக்காரர், ஊர்க்காரர் பெயரையும் சொல்லிப் பதியலாம். ஒவ்வொரு ஆளுக்கும் அவருடைய நிலை என்று ஒரு கட்டம் வைத்தேன். அதற்கு ஐந்து இலக்கங்கள். மேலிடத்துக்குக் கிழமைதோறும் நாங்கள் அனுப்பும் அறிக்கையில் முதலாவதாகக் கேட்பது இறப்பு, அடுத்தது காயம். ஆகவே ஒன்று இறப்பு, இரண்டு காயம், மூன்று முகாமில் இருப்பவர், நான்கு உறவினர் வீட்டில் இருப்பவர், ஐந்து காணாமற் போனவர். தெரியாது என்று ஒரு இலக்கம் வைக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இந்தக் கட்டத்தையும் வெறுமையாக விட முடியாதபடி பூட்டினேன்.

பக்கம் செய்வதற்கு வேறொரு பிள்ளை இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், என்னைவிடக் கெட்டிக்காரி, வாயும் நீளம். நான் நீளநீளமாக எழுதிக் கொடுக்கும் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை ஆர் பாக்கிறது, நீங்களோ சனமோ?" என்பாள். ஒரு நாள் காலை அவள் வரவில்லை. அவளுடைய தமையனை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததாம். தாயும் பிள்ளைகளுமாக முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டார்கள். கதிரையில் ஒரு சுவெற்றரும் மேசை லாச்சிக்குள் ஒரு சீடியும் இருந்தன. சீடிக்குள் அவள் அதுவரை செய்த பக்கங்கள், பாதி முடிந்தவை.

எங்கள் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு நிர்வாக உத்தியோகத்தர், கோபப்படத் தெரியாத மனிதர். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மிச்சத்தை நீர் செய்யும்" என்றார்.

"ஐயா, எனக்கு அது தெரியாது. அது வேற வேலை."

"நீர்தானே கொம்பியூட்டர் படிச்சனீர்?"

அவருக்குக் கணினி என்றால் எல்லாம் ஒன்றுதான். இரண்டு கிழமைக்குள் முகாம்களில் இருந்து பெயர்களைப் பதியத் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாக்குவாதப்பட நேரமில்லை, வேறு ஆளும் இல்லை.

அந்த நாட்களில் எங்கள் கந்தோர் விறாந்தை வாங்குப் பலகையில் ஒரு பெண் வந்து இருப்பார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். சம்பூர்ப் பக்கம். மகளுக்குக் காதில் சீழ் என்று லோஞ்சுப் படகில் ஏறிக் குடாவைத் தாண்டித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தவர். மாடுகளைப் பார்க்க வேண்டும் என்று புருஷன் நின்றுவிட்டார். இரண்டு நாளில் திரும்புவதாகப் பேச்சு. அடுத்த நாள் லோஞ் நின்றது. அதற்கடுத்த கிழமை அவருடைய ஊரில் ஒரு சனம் இல்லை. ஏழு வயது மகளும் ஒரு சீலைப் பையுமாக அவர் ரவுணில் ஒரு ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் தங்கியிருந்தார்.

வாரத்தில் மூன்று நாள் வருவார். வந்ததும் ஒரே கேள்விதான்.

"தம்பி, பேர் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை அக்கா. ஒரு பக்கம் செய்யிறன். அது முடிஞ்சால் எல்லா முகாமில இருந்தும் பேர் இங்கயே வரும். நீங்கள் ஒரிடமும் அலையத் தேவையில்லை."

"எப்ப முடியும்?"

"ரெண்டு கிழமை."

அவர் அதை நம்பினார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

துறைமுகப் பக்கத்தில் இருந்து அந்தக் கரைக்கு ஷெல் போகும். இங்கே வெடிக்கிற சத்தத்துக்கு என் மேசை அதிரும், கொஞ்சம் பொறுத்து அங்கே விழுகிற சத்தம் மெல்லிசாகக் கேட்கும். அந்த இடைவெளியில் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவார். சனம் எல்லாம் போய்விட்ட ஊருக்கு ஏன் எண்ணுகிறார் என்று நினைப்பேன். மாட்டை விட்டுவிட்டு அந்த மனுஷன் போயிருக்க மாட்டார் என்று அவர் உள்ளுக்குள் பயந்திருக்கிறார், அதைப் பிறகுதான் சொன்னார்.

பக்கம் செய்யத் தொடங்கிய முதல் நாளே என் தலைக்கனம் பாதி இறங்கிவிட்டது. பின்பக்கத்தில் பிழை விட்டால் இயந்திரம் ஏசும். எந்த வரியில் பிழை என்று சொல்லும், திருத்தும்வரை மறுத்துக்கொண்டு நிற்கும். முன்பக்கத்தில் பிழை விட்டால் ஒன்றும் சொல்லாது. தனக்கு விளங்கிய மாதிரி எதையோ காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஒரு பெட்டியை வலப்பக்கம் போகச் சொன்னேன், அது எல்லாவற்றுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு தலைப்பை நடுவில் நிறுத்த இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் நடுவில் நின்றது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. பயத்தில் அதற்குப் பிறகு அந்த வரிகளை நான் தொடவில்லை.

படிப்பதற்குப் புத்தகம் இல்லை. இணையம் ரெலிபோன் வயரில் வந்தது, வந்தால். காலை பத்து மணிக்குக் கரண்ட் போகும். ஜெனரேற்றர் ரேடியோ அறைக்கு மட்டும்தான் என்று பொறுப்பாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அவள் விட்டுப்போன பக்கங்களைத் திறந்து ஒவ்வொரு வரியாக அழித்துப் பார்ப்பேன். எதை அழித்தால் எது குலைகிறது என்று கொப்பியில் குறித்துக்கொள்வேன். மணிக்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு முழிக்கிறவன் கதைதான். முப்பத்தைந்து வயதில், ஒரு கரைக்கோட்டின் தடிப்பு ஏன் ஒரு பிறவுசரில் ஒன்றாகவும் மற்றதில் இரண்டாகவும் தெரிகிறது என்று இருந்து அழாத குறை.

தமிழ் எழுத்து வேறு ஒரு தலையிடி. எந்தக் கணினியில் எழுத்துரு இல்லையோ அங்கே பக்கம் முழுக்கக் கோணல்மாணலாகத் தெரியும். எழுத்துருவை சீடியில் போட்டு முகாம் முகாமாக அனுப்பினோம். கந்தளாய்க்கு அனுப்பியது சோதனைச் சாவடியில் இரண்டு நாள் நின்றது.

ஒரு நாள் லைன் கிடைத்து, கொழும்பில் இருந்த அந்தப் பிள்ளையோடு கதைத்தேன். நிறங்களைப் பற்றிக் கேட்டேன், பெட்டிகள் ஏன் விழுகின்றன என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "அண்ணை, முடிஞ்சதும் ஒரு ஆளைக் கூட்டிவந்து இருத்துங்கோ. எழுதத் தெரிஞ்ச ஆர் எண்டாலும் பறவாயில்லை. பதியச் சொல்லிப்போட்டு நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில இருந்து பாருங்கோ" என்றாள்.

"அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

"பாருங்கோ அண்ணை. உங்களுக்கு விசர் வரும். ஆனா பாருங்கோ."

நான் பார்க்கவில்லை. சோதித்துப் பார்த்தது நான் மட்டும்தான். நான் ஒவ்வொரு பெட்டியையும் ஒழுங்காக நிரப்பினேன், ஏனென்றால் என்ன நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நிலை என்ற கட்டத்துக்கு, தட்டினால் கீழே விரியும் ஒரு பெட்டி வைத்தேன். தரவுத்தளத்தில் இருந்த ஐந்தையும் இலக்க வரிசையில் அப்படியே அதற்குள் இறக்கினேன். யாரும் தொடாவிட்டால் அந்தப் பெட்டி தன் முதல் வரியைத் தானே எடுத்துக்கொள்ளும். இது முன்பக்கத்து ஆட்களுக்குப் பிறந்த அன்றே தெரியும் போலும். எனக்குத் தெரியாது. தொடாத பெட்டி வெறுமையாக வரும், வந்தால் என் தரவுத்தளம் எறிந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன். அது வெறுமையாக வரவில்லை, ஒன்று என்று வந்தது. ஒன்று என்பது நல்ல இலக்கம்தான், தரவுத்தளம் வாங்கி வைத்துக்கொண்டது.

தேடும் பக்கத்தில் ஆளின் நிலையைப் பெரிய எழுத்தில் காட்டினேன். இறப்பு என்றால் சிவப்பு. பக்கத்தின் நடுவில், நேராக, நான் இரண்டு நாள் மல்லுக்கட்டி நடுவில் நிறுத்திய அந்த இடத்தில். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் வாசிக்கலாம் என்று பொறுப்பாளரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். "நல்லாயிருக்கு தம்பி" என்றார்.

பெயர்கள் வரத் தொடங்கின. அந்தத் திங்கட்கிழமை நான் சந்தோஷமாக இருந்தேன், மறுக்கவில்லை. வாங்கில் இருந்தவரை நானே உள்ளே கூப்பிட்டேன். கதிரையை என் பக்கத்தில் போட்டேன். புருஷனின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதித் தட்டினேன். லைன் மெதுவாக இருந்தது, பக்கம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பெயர் வந்ததும் அவர், "ஓம், அவர்தான், அவர்தான்" என்று என் தோளைப் பிடித்தார். அதற்குக் கீழே சிவப்பு எழுத்து வந்தது. என்னைவிட அவர்தான் முதலில் வாசித்தார்.

அவர் என் தோளில் இருந்த கையை எடுத்தார். மகளைப் பார்த்து, "வா, போவம்" என்றார். படியில் செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. நான் பின்னால் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது?

எட்டாம் நாள் செலவுச் சடங்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனேன். உடம்பும் இல்லை, சாம்பலும் இல்லை. அவர் பைக்குள் வைத்திருந்த தேசிய அடையாள அட்டைப் பிரதியில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அவர் பொட்டில்லாமல் மூலையில் இருந்தார். கழுத்தும் வெறும் கழுத்து. அந்த வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கள்தானே தேடிக் குடுத்தனீங்கள், இருந்து சாப்பிட்டுப் போங்கோ" என்றார். நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். வடையை இரண்டாம் தரம் வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதற்குப் பிறகு மூன்று கிழமைக்குள்தான் கந்தளாயில் இருந்து அந்த ரெலிபோன் வந்தது. மூதூரில் இருந்து இடம்பெயர்ந்த ஒரு ஆசிரியர், அங்கே பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தவர். சிரித்துக்கொண்டே கதைத்தார்.

"சேர், ஒரு விசயம். நான் மவுத்தாகிட்டனாம்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"நிவாரண அட்டை வாங்கப் போனா, உங்க லிஸ்டில நான் மவுத்து எண்டு கிடக்கு. அல்லாவே, நான் உங்களோட கதைச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அவருடைய பதிவை யார் செய்தது என்று கேட்டேன். அவரேதான். அவசரத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தொடவில்லையாம். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒன்றையும் தொடாமல் ஒரு பொய்ப் பெயரை எழுதி அனுப்பிப் பார்த்தேன். பச்சையில் 'பதிவாயிற்று' என்று வந்தது. தரவுத்தளத்தைத் திறந்தேன். ஒன்று.

இன்னொரு பொய்ப் பெயரை எழுதி அனுப்பினேன். அதுவும் ஒன்று.

"சேர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறன். நீங்கள் இன்னும் ஆரையும் இப்பிடித் தொடாமல் விட்டனீங்களோ?"

அவர் யோசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க இருக்காங்க எண்டு தெரியாத ஆக்கள் எல்லாரையும் அப்பிடித்தான் விட்டோம் சேர். அதில தெரியாது எண்டு ஒண்டும் இல்லையே."

"காணாமற் போனவர் எண்டு இருந்ததே?"

"அதைப் போட ஏலுமா சேர்? காணாமப் போனது எண்டு எழுதினா ஆர் கொண்டுபோனது எண்டு கேப்பாங்க. ஊட்டு ஆக்களே அதைப் போட வேணாம் எண்டு கையைப் புடிச்சாங்க."

நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லை அறிவோம். ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான், சந்தியில் மறித்தது, பிறகு சத்தமில்லாதது. உயிரோடு எங்கோ இருக்கலாம் என்று நம்புகிற புருஷனுக்கோ பிள்ளைக்கோ அந்தச் சொல்லை ஒரு அரச பட்டியலில் யார் எழுதுவார்கள்? இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நான் இலக்கங்களுக்குப் பெட்டி செய்தேனே தவிர, அந்தப் பெட்டிக்கு முன்னால் இருக்கப்போகிற ஆளை நினைத்துப் பார்க்கவில்லை.

திருத்துவதற்கு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. 'தெரியாது' என்று ஆறாவது நிலை ஒன்றைச் சேர்த்து, பெட்டியின் முதல் வரியில் அதை வைத்தேன். யாராவது இறப்பைத் தெரிவுசெய்தால், 'இவர் இறந்துவிட்டார் என்று பதிய வேண்டுமா?' என்று பக்கம் இன்னொரு முறை கேட்கும்படி செய்தேன். கேள்விக்குக் கீழே 'ஓம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான். நான் அதுவரை எழுதிய முன்பக்கத்து வரிகளில் முதல் முறையிலேயே சரியாக இயங்கியது அதுதான்.

ஏற்கனவே பதிந்தவர்களை என்ன செய்வது? அங்கேதான் எல்லாம் முடிந்துபோனது. உண்மையாகவே இறந்தவருக்கும் ஒன்றுதான், தொடாமல் விட்டவருக்கும் ஒன்றுதான். யாரோ விரலால் தெரிவுசெய்த ஒன்றுக்கும் ஒருவரும் தெரிவுசெய்யாத ஒன்றுக்கும் தரவுத்தளத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. மூட்டைகளை ஒழுங்காக அடுக்கத் தெரிந்த நான் மனிதரை இப்படிக் கலந்துவைத்திருந்தேன். எல்லா ஒன்றுகளையும் தெரியாது என்று மாற்றினேன். பிறகு ஒவ்வொரு முகாமாக ரெலிபோன் எடுத்துப் பெயர் பெயராகத் திரும்பக் கேட்டோம். கந்தளாயில் அந்த ஆசிரியர் சாப்பாட்டையும் மறந்து கூடாரம் கூடாரமாக நடந்தார். நிறையப் பெயர்கள் சரிவந்தன. தெற்கே சில முகாம்களில் சனம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தது.

அந்தப் பெண்ணுடைய புருஷனின் பெயர் அப்படி ஒரு முகாமில் இருந்துதான் வந்திருந்தது. பதிந்தவர் யார் என்று தெரியவில்லை. பெயரைச் சொன்னவர் ஊர்க்காரர் ஒருவராக இருக்க வேண்டும், அவரும் எங்கே என்று தெரியவில்லை. செத்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, ஆளையே பார்க்கவில்லை என்று சொன்னாரா? பத்து நாள் தேடினேன். அந்த முகாம் இருந்த பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது என்று மட்டும் தகவல் வந்தது.

பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாங்கில வந்து இருந்த அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லப்போறீரோ?"

"சொல்லாமல் என்னண்டு ஐயா இருக்கிறது?"

"சொல்லி என்ன குடுக்கப்போறீர்? இருக்கிறார் எண்டு சொல்ல உம்மால ஏலுமோ?"

"ஏலாது."

"அப்ப?"

ஆனாலும் போனேன். நியாயத்துக்காகப் போனேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், என்னால் அதைத் தனியே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால்தான் போயிருக்கிறேன்.

பின்னேரம் நான்கு மணி. வீதியில் வழக்கம்போல ஊர் மான்கள் நின்றன, ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். அவர் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மகள் வெள்ளைச் சட்டையோடு வாசல்படியில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொன்னார்.

விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருந்தது. மகள் விட்டுப்போன கொப்பியின் கடைசித் தாளில் பெட்டியைக் கீறி, அதற்குள் ஐந்து வரியையும் எழுதிக் காட்டினேன். ஒருவரும் தொடாவிட்டால் இந்த முதலாவது வரி தானாகப் போகும் என்றேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் செத்திட்டார் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லாமல் இருந்திருக்கலாம் அக்கா. சில நேரம் சொல்லியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. என்ர பிழை."

"அப்ப இருக்கிறாரோ?"

"அதுவும் தெரியாது."

"இப்ப என்ன போட்டிருக்கிறீங்கள்?"

"தெரியாது எண்டு மாத்திப்போட்டன்."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் தாலியைக் கழட்டிப்போட்டன்" என்றார்.

"ஓம் அக்கா."

"பிள்ளை அஞ்சு மாசமா ஒவ்வொரு நாளும் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்ராண்டுக்குப் போகும். மட்டக்களப்பு பஸ்ஸில இருந்து இறங்கிற எல்லாரையும் பாக்கும். அப்பா செத்திட்டார் எண்டு சொன்ன பிறகு ரெண்டு நாள் அழுதுது. பிறகு பள்ளிக்கூடம் போகக் கேட்டுது. இப்ப போகுது. நானும் படுத்தா நித்திரை வருது."

உள்ளே மகள் பாடத்தை வாய்விட்டு வாசிக்கிற சத்தம் கேட்டது.

"இனியும் என்னைக் காத்திருக்கச் சொல்லாதேங்கோ. என்னால ஏலாது. அதைப் பழையபடி போட்டுவிடுங்கோ."

"அக்கா, அவர் எங்கயாவது இருந்தால்..."

"இருந்தா வருவார். வந்தா இந்த வாசல் படலையாலதான் வருவார், உங்கட கொம்பியூட்டருக்குள்ளால வரமாட்டார்." குரல் உயரவில்லை. "நாளைக்குப் பிள்ளை வளந்து அதில தேடிப் பாக்கும். தெரியாது எண்டு கிடந்தா திரும்பவும் பஸ் ஸ்ராண்டுக்குப் போகும். போட்டுவிடுங்கோ தம்பி. உங்களுக்கு ஏலும்தானே?"

ஏலும் என்று சொன்னேன். அப்படி மாற்ற எனக்கு உரிமை இல்லை என்றோ, தகவல் இல்லாமல் எழுதக் கூடாது என்றோ சொல்லியிருக்கலாம். அந்த மனுஷியின் வெறும் கழுத்துக்கு முன்னால் அந்தச் சட்டங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் தேத்தண்ணி கொண்டுவரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கந்தோருக்குத் திரும்பியபோது கரண்ட் இருந்தது. பின்பக்கத்தால் போய் ஒரு வரியில் மாற்றியிருக்கலாம், எனக்குப் பழகிய வழி அது, ஒன்றும் கேட்காது. எந்தப் பக்கத்தால் முதலில் அது நடந்ததோ அதே பக்கத்தால்தான் செய்ய வேண்டும் போல இருந்தது, ஏன் என்று தெரியாது. பெயரைத் தேடி எடுத்தேன். அதற்குக் கீழே நடுவில் 'தெரியாது' என்று சாம்பல் நிறத்தில் நின்றது. திருத்துவதற்குத் திறந்து பெட்டியைத் தட்டினேன், ஆறு வரியும் விரிந்தன. முதல் தடவை அந்த மனிதருக்கு அதை யாராவது தெரிவுசெய்தார்களோ தெரியாது. இந்தத் தடவை நான் இறப்பு என்ற இரண்டாவது வரிக்குப் போய் நின்று, அதை அழுத்தினேன்.

'இவர் இறந்துவிட்டார் என்று பதிய வேண்டுமா?' என்று பக்கம் என்னிடம் கேட்டது.

பத்து நிமிடமாவது அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். பிறகு 'ஓம்' என்பதை அழுத்தினேன்.